எப்சிலான் சுழியை நெருங்கும்போது எது தாங்கும்? சாய்வும் வளைவும் பற்றிய ஒரு கணிதக் கேள்வி

பெங்களூரில் கணித ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். ஊரிலிருந்து வந்த பெரியப்பா, "எதைப் பத்திம்மா ஆராய்ச்சி?" என்று கேட்பார். "சிங்குலர்லி பெர்ட்டர்ப்டு நான்லீனியர் எலிப்டிக் ஈக்குவேஷன், அதோட தீர்வுகளுக்கு ரெகுலாரிட்டி, பெரியப்பா" என்று பதில் வரும். பேச்சு அதோடு நின்றுவிடும். எலகங்காவில் உள்ள டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) மையத்திலும் ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் கழகம்) கணிதத் துறையிலும் கருத்தரங்கு அறிவிப்புகளில் இந்தச் சொற்றொடர் சர்வசாதாரணம். பொறியியல் படித்தவர்கள்கூட இதைப் படித்துவிட்டுத் தவறான படத்தோடு போய்விடுகிறார்கள். பொதுவாக எழும் தவறுகள் மூன்று:

1. எலிப்டிக் என்பதால் நீள்வட்ட வடிவம் ஏதோ சம்பந்தப்பட்டிருக்கிறது என்று நினைப்பது.
2. சிங்குலர் என்பதால் தீர்வு எங்கோ வெடித்து முடிவிலியாகிறது என்று நினைப்பது.
3. ரெகுலாரிட்டி என்பது "தீர்வு வழுவழுப்பானதா?" என்ற ஆம்-இல்லைக் கேள்வி என்று நினைப்பது.

முதல் இரண்டும் சீக்கிரம் தீரும். மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது.

தொடங்கும் முன் சொல்லாட்சி பற்றி ஒன்று. நம் பாடநூல்களில் லிமிட்டும் எல்லைதான், பவுண்டரியும் எல்லைதான். இந்தக் கட்டுரையில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும் என்பதால், பவுண்டரியை விளிம்பு என்றும் லிமிட்டை எல்லை என்றும் எழுதுகிறேன்.

எலிப்டிக்: சுற்றத்தின் சராசரி

ஓர் உலோகத் தகடு. அதன் விளிம்பு முழுவதையும் இடத்துக்கு இடம் வெவ்வேறு வெப்பநிலையில் மாறாமல் பிடித்து வைத்திருக்கிறோம். நெடுநேரம் கழித்துத் தகட்டின் உள்ளே வெப்பநிலை நிலைத்துவிடும். அப்போது உள்ளே எந்தப் புள்ளியை எடுத்தாலும், அதன் வெப்பநிலை அதைச் சுற்றி வரைந்த வட்டத்தின் மேலுள்ள வெப்பநிலைகளின் சராசரியாக இருக்கும். இதுதான் லாப்லாஸ் சமன்பாடு, எலிப்டிக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. கூம்பு வெட்டுகளை நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் என்று பிரிக்கும் அதே குறி விதியால் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளையும் பிரித்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது, நீள்வட்டத்தின் வேலை அதோடு சரி.

சராசரி என்பதிலிருந்து இரண்டு விளைவுகள் உடனே கிடைக்கின்றன. விளிம்பில் வெப்பநிலை எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் உள்ளே வழுவழுப்பாகிவிடும். அடுத்து, தீர்வு எங்குமே குறை எண்ணாக இல்லை என்றால், ஒரு புள்ளியில் அதன் மதிப்பு தெரிந்ததும் பக்கத்துப் புள்ளிகளின் மதிப்பும் அதன் ஒரு குறிப்பிட்ட மடங்குக்குள் அடங்கியாக வேண்டும். 1887-ல் ஆக்செல் ஹார்னாக் கொடுத்த இந்தச் சமனின்மை பின்னால் நமக்கு இரண்டு முறை கைகொடுக்கும்.

நேரியல் அல்லாத சமன்பாடு என்றால், இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் மூன்றாவது தீர்வு கிடைக்கும் என்ற சலுகை போய்விடும். உள்ளே உற்பத்தியாகும் வெப்பம் அங்குள்ள வெப்பநிலையையே பொறுத்தது என்றால் அது நேரியல் அல்லாத சமன்பாடுதான். நெருப்பு அப்படிப்பட்டது.

சிங்குலர் பெர்ட்டர்பேஷன்: தொலைந்துபோகும் மூலம்

பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு ஒன்று போதும். 0.01 பெருக்கல் எக்ஸ் வர்க்கம், கூட்டல் எக்ஸ், கழித்தல் 1, சமம் சுழி. மூலங்கள் ஏறக்குறைய 0.990, கழித்தல் 100.99. அந்த 0.01 சின்ன எண்தானே, சுழி என்று வைத்தால் என்ன? எக்ஸ் சமம் 1 என்ற ஒரே மூலம் மிஞ்சும். முதல் மூலத்தை அது நன்றாகவே பிடித்துவிட்டது. இரண்டாவது மூலம் படத்திலேயே இல்லை. 0.01-ஐ 0.001 ஆக்கினால் அந்த மூலம் கழித்தல் ஆயிரத்தையும் தாண்டி ஓடுகிறது.

இதுதான் சிங்குலர் பெர்ட்டர்பேஷன். சின்ன எண்ணான எப்சிலான், சமன்பாட்டின் மிக உயர்ந்த உறுப்பைப் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வகைக்கெழுச் சமன்பாட்டில் அது பெரும்பாலும் இரண்டாம் வகைக்கெழு. எப்சிலானைச் சுழியாக்கினால் சமன்பாட்டின் படியே இறங்கிவிடும், விளிம்பில் கொடுத்த நிபந்தனையைக் காப்பாற்ற வழி இருக்காது. தீர்வு வெடிக்கவில்லை. சமன்பாடுதான் வேறு இனமாகிவிட்டது.

விமானத் துறைக்கு இது பழைய விஷயம். 1904-ல் ஹைடெல்பெர்க் கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டில் இதைச் சொன்னார்: காற்றின் பாகுத்தன்மை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இறக்கையை ஒட்டிய மெல்லிய படலத்தில் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். பவுண்டரி லேயர் என்று நம் ஊர் ஏரோ மாணவர்கள் படிப்பது அந்தப் படலத்தைத்தான்.

ரெகுலாரிட்டி: கேள்வியைச் சரியாகக் கேட்பது

1900-ல் பாரிஸில் ஹில்பர்ட் முன்வைத்த 23 கணக்குகளில் 19-ஆவது, எலிப்டிக் சமன்பாடுகளின் தீர்வு எவ்வளவு வழுவழுப்பானது என்பது. அதன் இதயத்தில் இருந்த தடையை 1957 வாக்கில் இத்தாலியின் என்னியோ டி ஜியோர்ஜியும் அமெரிக்காவின் ஜான் நாஷும் ஒருவருக்கொருவர் தெரியாமலே உடைத்தார்கள். ஆகவே 0.01 என்றோ 0.000001 என்றோ எப்சிலானை நிலையாக வைத்துவிட்டு "தீர்வு வழுவழுப்பானதா?" என்று கேட்டால், கீழே பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகும் மூன்று சமன்பாடுகளுக்கும் பதில் "ஆம்". அதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஆராய்ச்சியாளர் கேட்பது வேறு. ஒவ்வொரு எப்சிலானுக்கும் தீர்வின் சாய்வு ஏதோ ஓர் எண்ணுக்குள் அடங்கும். எல்லா எப்சிலானுக்கும் சேர்த்து ஒரே எண் போதுமா? இல்லை, எப்சிலான் குறையக் குறைய அந்த எண் ஏறிக்கொண்டே போகுமா? சாய்வுக்கு ஒரே எண் போதும் என்றால், வளைவுக்கும், அதாவது இரண்டாம் வகைக்கெழுவுக்கும், போதுமா? கருத்தரங்கில் யூனிஃபார்ம் எஸ்டிமேட் என்று திரும்பத் திரும்ப ஒலிப்பது இதுதான். பதில் சமன்பாட்டுக்குச் சமன்பாடு மாறும். மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் சமன்பாடு: எதுவும் தாங்கவில்லை

சுழியிலிருந்து 1 வரை ஒரு கம்பி. தீர்வு கழித்தல், எப்சிலான் வர்க்கம் பெருக்கல் தீர்வின் இரண்டாம் வகைக்கெழு, சமம் 1. இரு முனைகளிலும் தீர்வு சுழி. எப்சிலான் 0.01 என்றால், இடது முனையில் சுழியில் கிளம்பும் தீர்வு, 0.01 தூரத்தில் 0.632-ஐத் தொடுகிறது, 0.05 தூரத்தில் 0.993. அதன்பின் கம்பி நெடுக கிட்டத்தட்ட 1-தான். முனையில் சாய்வு 100. வளைவின் அளவு 10,000.

எப்சிலானை 0.001 ஆக்கினால் சாய்வு 1,000, வளைவு 10 லட்சம். ஒரே எண் எதற்கும் போதவில்லை. தீர்வின் மதிப்பு மட்டும் 1-ஐத் தாண்டாமல் நிற்கிறது.

இரண்டாவது: வரதனின் மடக்கை, மணல் குவியலின் முகடு

இப்போது அதே இனத்தில் ஒரு சமன்பாட்டை வேறு கண்ணால் பார்ப்போம். ஒரு பரப்பின் விளிம்பில் தீர்வு 1. உள்ளே எப்சிலான் வர்க்கம் பெருக்கல் லாப்லாசியன் (ஒவ்வோர் அச்சுத் திசையிலும் எடுத்த இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகை), தீர்வுக்கே சமம். விளிம்பை விட்டு உள்ளே போகப் போகத் தீர்வு படுவேகமாகச் சரியும். கழித்தல் 1-லிருந்து 1 வரை உள்ள கம்பியில் எப்சிலான் 0.01 என்றால், நடுவில் தீர்வின் மதிப்பு தசமப் புள்ளிக்குப் பிறகு 43 சுழிகள் போட்டு அப்புறம் ஒரு 7. எந்தக் கருவியாலும் அளக்க முடியாத இந்தத் துளியில் என்ன செய்தி இருக்க முடியும்?

சென்னையில் 1940-ல் பிறந்து, பின்னால் 2007-ல் ஏபெல் பரிசு பெற்ற எஸ். ஆர். சீனிவாச வரதன் 1967-ல் இதற்குப் பதில் தந்தார். அந்தத் துளிக்கு மடக்கை எடுத்து, கழித்தல் எப்சிலானால் பெருக்குங்கள். எப்சிலான் சுழியை நெருங்கும்போது கிடைப்பது, அந்தப் புள்ளியிலிருந்து விளிம்புக்கு உள்ள மிகக் குறைந்த தூரம். நம் கம்பியின் நடுப்புள்ளியில் இந்தக் கணக்கு 0.993 தருகிறது. உண்மைத் தூரம் 1. மறைந்துபோனதாகத் தோன்றிய எண்ணுக்குள் வடிவியல் பத்திரமாக இருந்திருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இது.

நம் கேள்விக்கு வருவோம். மடக்கை எடுத்துக் கிடைத்த புதிய சார்பு நிறைவு செய்யும் சமன்பாடு: சாய்வின் வர்க்கம் கழித்தல் எப்சிலான் பெருக்கல் லாப்லாசியன், சமம் 1. சாய்வுக்கு வர்க்கம் வந்துவிட்டதால் இது நேரியல் அல்லாதது. மிக உயர்ந்த உறுப்பை எப்சிலான் பெருக்குவதால் சிங்குலர். பெரியப்பாவுக்குச் சொன்ன சமன்பாட்டுப் பெயரில் உள்ள அத்தனை சொல்லும் பொருந்திவிட்டது. கம்பியில் இதன் சாய்வு எந்த எப்சிலானுக்கும் 1-ஐத் தாண்டுவதில்லை. நடுப்புள்ளியில் வளைவின் அளவோ 1-ஐ எப்சிலானால் வகுத்தது: 0.01-க்கு 100, 0.001-க்கு 1,000.

எல்லையில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெங்களூரில் தெருவுக்கு ஒரு கட்டட வேலை நடக்கிறது. ஒரு செவ்வகப் பலகையின் மேல், கொள்ளும் மட்டும் உலர்ந்த மணலைக் கொட்டுங்கள். மிச்சம் நாலு பக்கமும் வழிந்து விழும். பலகையில் நிற்கும் குவியல் ஓட்டு வீட்டுக் கூரை போல இருக்கும்: நாலு முகம், எல்லாவற்றுக்கும் ஒரே சாய்வு, நடுவில் கூரான முகடு, மூலைகளிலிருந்து ஏறிவரும் வரிகள். ஒவ்வொரு புள்ளியிலும் உயரம், பலகை விளிம்புக்கு உள்ள தூரத்துக்கு நேர்விகிதம். முகட்டில் சாய்வு ஒரு திசையிலிருந்து எதிர்த்திசைக்குத் தாவுகிறது, அங்கே வகைக்கெழுவே கிடையாது. எப்சிலான் சுழிக்கு மேல் இருக்கும்வரை முகடு லேசாக மழுங்கியிருக்கும். எப்சிலான் குறையக் குறையக் கூர்மையாகும், ஆனால் முகங்கள் செங்குத்தாவதில்லை. சாய்வு தாங்கியது, வளைவு தாங்கவில்லை. இப்படி முகடு உள்ள சார்பையும் "தீர்வு" என்று முறையாக அழைக்க 1983-ல் மைக்கேல் கிராண்டலும் பியர்-லூயி லியோன்ஸும் விஸ்காசிட்டி தீர்வு என்ற கருத்தைக் கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது: சுடர்

எரிவாயு அடுப்பின் நீலச் சுடரை உற்றுப் பாருங்கள். எரியாத வாயுவுக்கும் எரிந்து முடிந்த வாயுவுக்கும் நடுவே மெல்லிய ஏடு ஒன்று இருக்கும். வேதிவினை அந்த ஏட்டுக்குள்தான் நடக்கிறது, ஏனென்றால் வெப்பநிலை உச்சத்தை நெருங்கினால்தான் வினை வேகம் பிடிக்கும். 1938-ல் செல்டோவிச்சும் ஃபிராங்க்-காமெனெட்ஸ்கியும் இதை வைத்தே சுடரின் கணக்கைப் போட்டார்கள்.

எளிமையாக்கிய வடிவம் இது. ஒரு புள்ளியின் வெப்பநிலை, எரிந்து முடிந்த வாயுவின் வெப்பநிலையைவிட எவ்வளவு குறைவோ, அதைக் குறைவு என்று அழைப்போம். குறைவின் லாப்லாசியன், வினையின் வேகத்துக்குச் சமம். குறைவு சுழிக்கும் எப்சிலானுக்கும் நடுவே இருந்தால் மட்டுமே வினை நடக்கும். வேகத்தின் வரைபடம் ஒரு கூடாரம்: அடி அகலம் எப்சிலான், உச்சி உயரம் 1-ஐ எப்சிலானால் வகுத்தது. எப்சிலான் என்னவானாலும் கூடாரத்தின் பரப்பளவு அரை. கூடாரம் ஒடுங்க ஒடுங்க உயர்கிறது, ஆனால் மொத்தம் மாறுவதில்லை.

ஒரே திசையில் நகரும்போது கணக்கு மூன்று அடியில் முடியும்:

1. சமன்பாட்டின் இருபுறத்தையும் சாய்வால் பெருக்குங்கள். இடப்பக்கம் சாய்வு வர்க்கத்தின் பாதியுடைய வகைக்கெழு ஆகிவிடும்.
2. எரிந்த பக்கத்தில், சாய்வு சுழியாக இருக்கும் இடத்திலிருந்து தொகையிடுங்கள். சாய்வு வர்க்கத்தின் பாதி, கூடாரத்தில் இதுவரை கடந்த பரப்பளவுக்குச் சமம்.
3. ஏட்டைக் கடந்து வெளியே வந்தால் கடந்த பரப்பளவு முழுசாக அரை. எனவே சாய்வின் வர்க்கம் 1, சாய்வும் 1.

எப்சிலான் 0.01 என்றாலும் 0.001 என்றாலும் சாய்வு அதே 1. ஏட்டுக்குள் வளைவு மட்டும் 100-லிருந்து 1,000-க்குத் தாவுகிறது. சுழியிலிருந்து 1-க்குச் சாய்வு மாறியாக வேண்டும், மாறுவதற்குக் கிடைக்கும் இடமோ சுருங்கிக்கொண்டே போகிறது. வளைவு வேறென்ன செய்யும்?

பல திசைகளில்: உருப்பெருக்கியின் வேலை

ஒரு திசையில் சாய்வால் பெருக்கித் தொகையிட்ட வித்தை, சமதளத்திலும் முப்பரிமாணத்திலும் செல்லாது. அங்கே சாய்வுக்கு ஒரே எண் போதும் என்று 1990-ல் நிறுவியவர்கள் பெரெஸ்டிக்கி, கஃபரெல்லி, நிரென்பெர்க். அந்த நிறுவலின் எலும்புக்கூடு எளிமையானது, அதைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

1. ஏட்டுக்குள் உள்ள புள்ளி. அங்கே குறைவு எப்சிலானுக்குள். எப்சிலான் ஆரமுள்ள வட்டத்தை 1 ஆரத்துக்குப் பெரிதாக்குங்கள், குறைவையும் எப்சிலானால் வகுத்துவிடுங்கள். கிடைமட்டத்திலும் உயரத்திலும் ஒரே மடங்கு பெரிதாக்கினால் சாய்வு மாறாது. புதிய சமன்பாட்டில் எப்சிலானே காணாமல் போய்விடும். புள்ளியில் புதிய மதிப்பு 1-க்குள், எங்கும் குறை எண் இல்லை. ஹார்னாக் வழியாகச் சுற்றிலும் மதிப்பு அடங்குகிறது, வழக்கமான எலிப்டிக் எஸ்டிமேட்டால் சாய்வும் அடங்குகிறது. அந்த எண்ணுக்கும் எப்சிலானுக்கும் சம்பந்தமில்லை.

2. ஏட்டுக்கு வெளியே, ஏட்டுக்குப் பக்கத்தில் உள்ள புள்ளி. அங்கே வினை இல்லை, லாப்லாஸ் சமன்பாடுதான். ஏட்டுக்கு உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் குறைவு மிகப் பெரியதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹார்னாக் மறுபடி வருகிறார்: அந்தத் தூரத்தில் பாதியை ஆரமாகக் கொண்டு அந்தப் புள்ளியைச் சுற்றி வரைந்த வட்டம் முழுவதும் குறைவு பெரியதாகவே இருக்கும்.

3. அந்த வட்டத்திலிருந்து ஏட்டின் விளிம்பு வரை, தெரிந்த ஒரு சார்பைக் கீழே தாங்கு கொடுத்து ஒப்பிடுங்கள். தீர்வு ஏட்டைத் தொடும் இடத்தில் சாய்வு மிகப் பெரியதாக வேண்டும். ஆனால் ஏட்டில் சாய்வு அடங்கியது என்று முதல் அடியிலேயே காட்டிவிட்டோம். முரண்பாடு.

4. ஆகவே குறைவு, தூரத்தின் ஒரு குறிப்பிட்ட மடங்குக்குள். லாப்லாஸ் சமன்பாட்டில் சாய்வு, மதிப்பைத் தூரத்தால் வகுத்ததன் ஒரு குறிப்பிட்ட மடங்குக்குள் அடங்கும். தூரமும் தூரமும் அடித்துக்கொண்டு போக, மாறிலி மட்டும் நிற்கிறது.

விளிம்பை விட்டுச் சற்று உள்ளே இருக்கும் புள்ளிகளுக்கு இது பொருந்தும். மாறிலி, தீர்வின் உச்ச மதிப்பைப் பொறுத்தது.

இந்த நிறுவல் முக்கியமாக நம்பியிருப்பது இரண்டை: ஹார்னாக், ஒப்பீடு. லாப்லாசியனின் தனிச்சிறப்பு எதையும் அது தொடவில்லை. 1979-80-ல் கிரைலோவும் சஃபோனோவும் ஹார்னாக் சமனின்மையை மிகப் பொதுவான எலிப்டிக் சமன்பாடுகளுக்குக் கொண்டுபோன பிறகு, இரண்டாம் வகைக்கெழுவிலேயே நேரியல் அல்லாத சமன்பாடுகளுக்கும் இதே பாதை திறந்தது. பிரேசிலின் ரிகார்ட்டே, டெய்ஷெய்ரா ஆகியோர் 2011-ல் அந்த வழியே போய் இதே சாய்வு முடிவை நிறுவினார்கள்.

எலகங்காவிலிருந்து ஓர் எதிர்ப்பக்கம்

நேரியல் அல்லாத உறுப்பு மாறினால் கதையே மாறிவிடும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. எப்சிலான் வர்க்கம் பெருக்கல் லாப்லாசியன், கழித்தல் தீர்வு, கூட்டல் தீர்வின் ஓர் அடுக்கு, சமம் சுழி என்ற சமன்பாட்டில் தீர்வு பல வேளைகளில் ஒரு முள்ளாகக் குவிந்துவிடும். உயரம் அடங்கியிருக்கும், அகலம் எப்சிலான் அளவு, சாய்வு அதற்கேற்ப எகிறும். முள் எங்கே குத்தி நிற்கும் என்பதே அங்கே கேள்வி. டி.ஐ.எஃப்.ஆர். பெங்களூர் மையத்தின் பி. என். ஸ்ரீகாந்தும் மிலான் நகரின் பெர்ன்ஹார்ட் ரூஃபும் 2010-ல் நாற்பரிமாண வளையம் ஒன்றில், ஒரு புள்ளியில் குவியாமல் முழு வட்டம் நெடுகக் குவியும் தீர்வுகள் உண்டு என்று காட்டினார்கள். நாற்பரிமாணத்தை முப்பரிமாணமாகக் குறைக்க அவர்கள் எடுத்த கருவி ஹாஃப் ஃபைப்ரேஷன், அதாவது நாற்பரிமாணத்தில் உள்ள கோளத்தை வட்டங்களாகப் பிரித்துக் காட்டும் வழி. வட்டம் வந்தது அதிலிருந்துதான்.

இதனால் என்ன கிடைக்கிறது?

கணினியில் போடுகிறவருக்கு நேரடிப் பயன் உண்டு. முதல் சமன்பாட்டின் 0.001 படலத்தை முப்பரிமாணத்தில் ஒரே சீரான வலை போட்டுப் பிடிக்க நினைத்தால், பக்கத்துக்கு 1,000 என்றாலே 100 கோடி கண்ணிகள். அதனால்தான் படலத்தில் மட்டும் நெருக்கிப் போடும் ஷிஷ்கின் வலை போன்றவை வந்தன. சுடர் சமன்பாட்டில் சாய்வு 1-க்குள் என்றால், 0.01 இடைவெளியில் தெரிந்த மதிப்புகளிலிருந்து நடுவில் உள்ள எந்த மதிப்பையும் 0.01 பிழைக்குள் சொல்லிவிடலாம், எப்சிலான் எத்தனை சின்னதானாலும்.

கோட்பாட்டில் பயன் இன்னும் பெரியது. சாய்வுக்கு ஒரே எண் இருந்தால், எப்சிலானைச் சுழியை நோக்கி நகர்த்தும்போது தீர்வுகளிலிருந்து ஒருங்கும் தொடர்வரிசை ஒன்றைப் பொறுக்க முடியும். எல்லையில் வினை ஏடு தடிமனே இல்லாத ஒரு பரப்பாகிவிடும். ஒரு பக்கம் குறைவு சுழி, மறுபக்கம் லாப்லாஸ் சமன்பாடு, நடுவே சாய்வின் வர்க்கம் கூடாரப் பரப்பளவின் இரு மடங்கு. அந்தப் பரப்பு எங்கே இருக்கிறது என்பதை யாரும் முன்கூட்டித் தருவதில்லை, தீர்வோடு சேர்த்து அதையும் கண்டுபிடித்தாக வேண்டும். ஃப்ரீ பவுண்டரி என்று பெயர்.

அப்புறம் ரெகுலாரிட்டி கேள்வி தீர்விலிருந்து இந்தப் பரப்புக்கு இடம் மாறுகிறது: சுடரின் முகம் வழுவழுப்பானதா, கூர்முனை வருமா? ஆற்றலை மிகக் குறைவாக்கும் தீர்வுகளுக்கு, சமதளத்தில் வராது என்று 1981-ல் ஆல்ட்டும் கஃபரெல்லியும் நிறுவினார்கள். முப்பரிமாணத்தில் வராது என்று 2004-ல் கஃபரெல்லி, ஜெரிசன், கெனிக். நாற்பரிமாணத்தில் வராது என்று 2015-ல் ஜெரிசன், சாவின். ஏழு பரிமாணத்தில் வரும், இதோ கூர்முனையுள்ள கூம்பு என்று 2009-லேயே டி சில்வாவும் ஜெரிசனும் எடுத்துக் காட்டியிருந்தார்கள். 4-க்கும் 7-க்கும் நடுவே, இந்த முடிவுகள் எதுவும் எட்டாமல், 5-ம் 6-ம் நிற்கின்றன.